நிகோட்டினிக் ஏற்பி: தமிழில் என்ன சொல்ல?

வணக்கம். தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நரம்பு முனையிலிருந்து வரும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், தசையில் அதை ஏற்கும் புரதமான நிகோட்டினிக் ஏற்பியில் ஒட்டினால், அதன் நடுவிலுள்ள வழி திறந்து சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். இந்த நோயில் நம் உடலின் எதிர்ப்பொருள்களே அந்த ஏற்பிகளை அடைத்து அழிக்கின்றன. இதைப் ‘புகையிலைச்சத்து ஏற்பி’ என்று எழுதி நோயாளி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். சாயங்காலம், இமை பாதி சரிந்திருந்தது. விரலால் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, "நான் பீடியைத் தொட்டதே இல்லையேம்மா" என்றார். வேறு சொல் சொல்லுங்கள்.

*

‘ஏற்பி’யே பிழை. நன்னூல்படி வி, பி பிறவினை விகுதிகள், ஆக ‘ஏற்பி’ என்றால் ஏற்கச் செய் என்று பொருள். ஏல் + இ = ஏலி என்போமே?

*

ஏலியா! பிள்ளைகள் எலி என்று வாசிப்பார்கள் ஐயா. இலங்கையில் நாங்கள் படித்தது ‘வாங்கி’. ஒலிவாங்கியை ஏற்ற காது இதை ஏற்காதா? வாங்குதலுக்கு வளைதல் என்றும் பொருள் உண்டு, சங்கப் பாட்டின் ‘வாங்கமை’ வளைந்த மூங்கில்தானே. அசற்றைல்கோலின் பிணைந்ததும் இந்தப் புரதத்தின் ஐந்து துண்டுகளும் கொஞ்சம் முறுக்கித் திரும்பித்தான் வழியே திறக்கிறது!

*

மூங்கில் அழகுதான், ஆனால் இங்கே வாங்கி என்றால் கடன்வாங்கிதான் நினைவுக்கு வரும். சிக்கல் ‘நிகோட்டினிக்’கில். 1905-ல் கேம்பிரிட்ஜில் உடலியலாளர் லாங்லி நரம்பறுந்த தசையில் நிகோட்டினை இட்டார், அது சுருங்கியது. குராரே என்ற அம்பு நஞ்சை இட்டதும் அடங்கியது. பெயர் கள்ளச்சாவியை வைத்து வந்தது, உண்மைச் சாவி அசெட்டைல்கோலின். ஆனால் ‘நிகோட்டினிக்’கை எடுத்துவிட்டால், அதே அசெட்டைல்கோலின் ஒட்டும், இதயத்தில் இருக்கும் மஸ்கரினிக் ஏற்பியிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்? அதன் பெயர் காளான் நஞ்சிலிருந்து வந்தது. காளான் ஏற்பி என்பீர்களோ?

*

சரி, நேரமில்லை. கையேட்டில் ‘தசை ஏற்பி’ என்று போட்டு, பின்னால் சொற்பட்டியலில் ‘நிகோட்டினிக் ஏற்பி’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். நான்கு பேர் தனிமடலில் ஆகட்டும் என்றார்கள், அலுப்பில்தான் என்று நினைக்கிறேன்.

*

போடுங்கள் அம்மா. ஆனால் இதே இனம் மூளையிலும் இருக்கிறது, புகைப்பவரைப் பிடித்து வைப்பதும் அங்கேதான். அங்கே எந்தத் தசை? அப்புறம், பிறவினைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.