கடையிலும் ஆலையிலும் ஒலிக்கும் இசைக்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணிகவியல் பட்டியலில் 'பேக்கிரவுண்ட் மியூசிக்' என்பதற்கு நேரே 'பின்னணி இசை' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். தமிழில் பின்னணி இசை என்றால் படத்தின் காட்சிக்குப் போடும் இசை. ஐம்பது பக்கம் விளக்கினாலும் அந்தப் பொருள் மாறப்போவதில்லை. ஜவுளிக்கடைக் கூரை ஸ்பீக்கரில் ஓடுவது வேறு.

'சூழலிசை'யும் சரிவராது. இங்கிலாந்து இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978இல் 'ஆம்பியன்ட்' என்ற பெயரைக் கையிலெடுத்ததே, கடைக்கும் ஆலைக்கும் இசை விற்ற மியூசாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகை இசையிலிருந்து தன் இசையைப் பிரித்துக்காட்டத்தான். அந்தச் சொல் அதற்கே இருக்கட்டும்.

என் முன்மொழிவு: நுகர்விசை.

இரா.

-----

> என் முன்மொழிவு: நுகர்விசை.

இரா. ஐயா, இதைப் பத்தில் எட்டுப் பேர் 'நுகர் விசை' என்றுதான் பிரிப்பார்கள். பொருளியல் பாடத்தில் வந்தால் தேவையைத் தள்ளும் விசை என்றே மாணவர் எழுதுவார். 'அமைவிசை', 'வணிகவிசை' எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். வுகரத்தில் முடிந்தாலும், வகர உடம்படுமெய் வந்தாலும், 'இசை' 'விசை' ஆகிவிடும். 'கடையிசை'யில் கடைசி, கடைநிலை என்ற நிழல் விழுகிறது. 'அங்காடி இசை' நல்ல சொல், ஆனால் லிஃப்டும் ஆலையும் வெளியே நின்றுவிடுகின்றன.

'தூண்டிசை' எப்படி? மியூசாக்கின் வேலைமுறையே தூண்டுவதாகத்தான் இருந்தது. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் ஓவன் ஸ்குவயர் கம்பிவழி இசை அனுப்பத் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, 'மியூசிக்'கையும் 'கோடாக்'கையும் ஒட்டி 1934இல் இந்தப் பெயர் வந்தது. பிறகு 15 நிமிடத் தொகுதிகளாக இசையை அடுக்கினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், வாத்தியச் சேர்க்கை, குழுவின் அளவு பார்த்து ஒரு மதிப்பெண். தொகுதிக்குள் அது படிப்படியாக ஏறும். அடுத்த 15 நிமிடம் மௌனம். தொழிலாளி சோர்ந்துபோகும் முற்பகல், பிற்பகல் நேரங்களுக்கு ஊக்கம் கூடிய தொகுதிகள். இந்த முறைக்கு 'ஊக்க ஏற்றம்' என்று வைக்கலாம்.

கோ.

-----

ஊக்க ஏற்றம் அருமை, அப்படியே ஏற்கலாம். தூண்டிசைக்கு மட்டும் உடன்பட முடியவில்லை. விற்பனையைக் கூட்டியது வேகமூட்டும் இசை அல்ல, மெதுவான இசை. ரொனால்டு மில்லிமன் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நிமிடத்துக்கு 72 தாளத்தட்டுக்குக் கீழே ஒரு வகை, 94க்கு மேலே ஒரு வகை என்று இசை போட்டார். மெதுவான இசைக்கு ஆட்கள் மெல்ல நடந்தார்கள். விற்பனை, வேகமான இசை ஓடிய நாட்களைவிட 38 விழுக்காடு அதிகம். 1986இல் உணவகத்தில் பார்த்தபோது சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய அதேதான், மதுச் செலவுதான் ஏறியது. வேகமான இசைக்குச் சராசரியாக 45 நிமிடம் இருந்தார்கள், மெதுவான இசைக்கு 56 நிமிடம் உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தை நம்பும் மெஸ்ஸில் இதையே போட்டால் மேசை காலியாகாது, வாசலில் நிற்பவர் அடுத்த கடைக்குப் போவார்.

அடுத்தது, வர்க்கம். அரேனி, கிம் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு மதுக்கடையில் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் அப்போதைய வெற்றிப் பாடல்களையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். செவ்வியல் இசைக்கு புட்டிகளின் எண்ணிக்கை கூடவில்லை. விலை உயர்ந்த புட்டியை எடுத்தார்கள். மேட்டுக்குடிச் சாயலை இசை கொண்டுவந்தது, கை அதற்கேற்ற அலமாரித் தட்டுக்குப் போனது. அதே செவ்வியல் இசையை 2003இல் லண்டன் எல்ம் பார்க் ரயில் நிலையத்தில் போட்டது, அங்கே கூடி நிற்கும் இளைஞர்களைக் கலைக்க! ஒருவரை உயர்ந்தவராக உணரவைக்கும் இசை, இன்னொருவருக்கு 'இது உன் இடமில்லை' என்கிறது. இதைத் தூண்டல் என்று எப்படிச் சொல்வது? இந்த வகைக்கு 'விரட்டிசை' என்று தனிச்சொல்லே வேண்டும்.

தாயகச் சாயலும் இப்படித்தான் விலைபோகிறது. 1997இல் வெளிவந்த ஓர் ஆங்கிலேய ஆய்வில் பிரெஞ்சு அக்கார்டியன் ஓடியபோது பிரெஞ்சு மது 40 புட்டி, ஜெர்மன் மது 8. ஜெர்மன் பாட்டு ஓடியபோது ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. இசைதான் காரணம் என்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒப்பவில்லை.

ஆகவே விளைவை வைத்தோ பாணியை வைத்தோ பெயரிட்டால் பாதி வெளியே போய்விடும். யார் தேர்கிறார், யார் தப்பிக்க முடியாமல் கேட்கிறார் என்பதுதான் மாறாத கூறு. என் பரிந்துரை: *வளாக இசை*. சேர்த்தெழுதினால் மறுபடியும் 'விசை' வந்துவிடும், பிரித்தே எழுதுவோம்.

தமிழ்.

-----

> பயனிசை என்று வைத்தால் என்ன?

(தனிமடலில் வந்த கேள்வி, இங்கேயே பதில்.) நாற்று நடும் பாட்டும் தாலாட்டும் பயன் கருதியவைதான். ஆனால் அங்கே வேலை செய்பவரே பாடுகிறார், வேகத்தை அவரே வைக்கிறார். ஆலையில் அப்படியில்லை. பிபிசி 1940இல் தொழிற்சாலைகளுக்கென்று தொடங்கிய ஒலிபரப்பில் கைதட்டல் வரும் ஒரு பாட்டை விலக்கினார்கள். தொழிலாளர் கையிலிருக்கும் கருவியாலேயே தாளம் தட்டிவிடுவார்கள் என்ற பயம். பாட்டு அவர்களுடையதாகிவிடும் அந்த இடத்தில்தான் நிர்வாகம் நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது தொழிற்பாட்டுக்குச் செய்யும் அநியாயம்.

வளாக இசைக்கு இன்னொரு வசதி, சட்டத்தோடு ஒத்துப்போகிறது. கடையில் பாட்டுப் போட ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமம், வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமம். கட்டணம் பெரும்பாலும் இடத்தின் பரப்பை, இருக்கைகளைப் பார்த்தே கணக்கிடுகிறார்கள். சொந்தக் கணக்கிலுள்ள ஸ்பாட்டிஃபையைக் கடையில் போட அதன் விதிமுறையே இடம்தருவதில்லை.

இரா.

-----

ஏற்கிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

*வளாக இசை*: ஓர் இடத்தை நடத்துபவர், அங்கு இருப்போரின் நடை, நேரம், செலவு, வேலை வேகம் ஆகியவற்றை மாற்றக் கருதித் தேர்ந்து ஒலிக்கச்செய்யும் இசை. வகை: அங்காடி இசை, ஆலை இசை, விரட்டிசை. ஒப்பிடுக: சூழலிசை, தொழிற்பாட்டு.

டீக்கடைக்காரர் தாம் கேட்க வைத்த எஃப்எம் இதில் வராது. ஆளை இருத்தத் திட்டமிட்டு அடுக்கிய பட்டியல் என்றால் வரும். தொலைபேசியில் காத்திருக்கும்போது வரும் இசைக்கு வளாகம் இல்லை, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

கோ.