மெக்காலனுக்குப் போனால் உடம்பு போட்டுவிடுமா? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஏர்வாடிக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம். தங்கச்சி மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் மெக்காலன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் யாரோ குடும்ப வாட்ஸப் குழுவில் "அமெரிக்காவிலேயே குண்டானவர்கள் அதிகம் இருக்கும் ஊர்" என்று ஒரு பட்டியலைப் போட்டு, மெக்காலனைச் சுற்றி சிவப்பு வட்டமும் போட்டுவிட்டார்கள். உம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கு வேறு சர்க்கரை எட்டிப் பார்க்கிற கட்டம், அவர் வாப்பா வழியில் எல்லோருக்கும் இருக்கிறது.

நானும் தேடிப் பார்த்தேன். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில் 2011, 2012 இரண்டு வருடமும் மெக்காலன்தான் முதலிடம், பெரியவர்களில் 38 சதவீதத்துக்கு மேல் உடல் பருமன். 2013-ல் மேற்கு வர்ஜீனியா பக்கம் இருக்கும் ஹண்டிங்டன் 39.5 சதவீதத்தோடு மேலே வந்துவிட்டது. அதே பட்டியலின் அடியில் கொலராடோவில் போல்டர் என்று ஒரு ஊர், வெறும் 12.4. ஒரே நாடு, ஒரே பர்கர், ஒரே கோலா, பிறகு எப்படி மூன்று மடங்கு வித்தியாசம் வரும்? சாப்பாடா, தண்ணீரா, பரம்பரையா? அங்கே குடியேறினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "வாயைக் கட்டு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை உம்மாவே சொல்லிவிட்டார்.

தேவிபட்டினம் டு ஓக்லஹோமா:

அண்ணே, நான் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறேன். ஊர் எப்படி உடம்பைப் போட வைக்கும் என்பது இங்கே வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் மளிகைக் கடையின் பெயர்ப்பலகை தெரியும். பால் வாங்க நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினேன். குடியிருப்பு வாசலைத் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே நடைபாதை புல்லுக்குள் போய் முடிந்துவிட்டது. அப்புறம் ஆறு வரிசை ரோடு. கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் நடக்கலாம் என்று வெள்ளை விளக்கு வரும், பாதி ரோட்டில் இருக்கும்போதே சிவப்புக் கை மின்ன ஆரம்பித்துவிடும், ஓட வேண்டும். அதையும் தாண்டினால் கடையின் கார் நிறுத்துமிடம், நம்ம ஊர் திருவிழாத் திடல் அளவுக்கு, ஒரு மரம் கிடையாது. பாதி வழியில் ஒருவர் காரை நிறுத்தி, "வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒருவன் சும்மா கடைக்கு நடந்து போவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இதை யாரும் சதி செய்து கட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்த பெரும்பாலான ஊர்களில் வீடு இருக்கும் பகுதியில் கடை வரக் கூடாது, கடை வைத்தால் இத்தனை காருக்கு இடம் விட வேண்டும் என்று நகராட்சி விதிகளே இருக்கின்றன. டீக்குக் கூட வண்டியை எடுக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த மாதிரி ஒரு பட்டியலை எங்கள் அப்போதைய மேயர் மிக் கார்னெட்டும் பார்த்தார். பருமன் அதிகமுள்ள ஊர்கள் வரிசையில் ஓக்லஹோமா சிட்டி இருந்தது. 2007 டிசம்பர் 31 அன்று மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்த ஊர் பத்து லட்சம் பவுண்டு எடை குறைக்கப் போகிறது" என்று அறிவித்தார். நம்ம கணக்கில் ஏறக்குறைய நாலரை லட்சம் கிலோ. நாற்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள், 2012 ஜனவரியில் இலக்கையும் தொட்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த யானைக் கூத்து இல்லை. சும்மா குறை குறை என்று சொல்லிப் பயனில்லை என்று, ஊர் மக்களே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட ஒரு சதவீத விற்பனை வரிப் பணத்தில் நடைபாதையும் பூங்காவும் சைக்கிள் பாதையும் போட ஆரம்பித்தார்கள் பாருங்கள், அது. அப்படியும் ஓக்லஹோமா மாநிலம் 2023-லும் பருமனில் 35 சதவீதத்துக்கு மேலேதான். கான்கிரீட் போட்ட மறுநாள் இடுப்பு குறைந்துவிடாது.

மண்டபம் முகாம்:

பொதுச் சுகாதாரக் கணக்கெடுப்பில் வேலை பார்ப்பவன் என்பதால் முதலில் அந்தப் பட்டியலைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். கேலப் கணக்கு தொலைபேசியில் எடுத்தது. "உங்கள் உயரம் என்ன, எடை என்ன?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்வார்கள். ஆள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும் சொல்வது உலக வழக்கம். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநில வாரியாக வெளியிடும் வரைபடமும் இதே போன் கணக்குதான். அதே மையம் நடமாடும் பரிசோதனைக் கூடத்தைக் கொண்டுபோய் ஆட்களை உண்மையிலேயே எடை போட்டும் ஒரு கணக்கு எடுக்கிறது, அதில் 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை நாடு முழுக்க 40.3 சதவீதம். ஆனால் அது தேசிய அளவுக்குத்தான் செல்லும், ஊர் ஊராகப் பிரிக்க முடியாது. அதனால் ஊர்ப் பட்டியல் என்று எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் வாயால் சொன்ன எடைதான். முதலிடம், மூன்றாமிடம் என்ற சண்டையை விட்டுவிடுங்கள், கேள்வி கேட்ட ஆட்கள் எண்ணிக்கை குறைவான ஊரில் அடுத்த வருடமே இடம் மாறிவிடும். மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் உள்ள இடைவெளி மட்டும் பொய் இல்லை.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி காசுதான். மெக்காலன் மெக்சிகோ எல்லையில் இருக்கிறது, வருமானம் குறைவு, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஏராளம், சுற்றிலும் ரோடும் தண்ணீரும் சரியாக இல்லாத ‘கொலோனியா’ குடியிருப்புகள். ஹண்டிங்டன் பக்கம் நிலக்கரியும் ஆலைகளும் படுத்து, வேலை போய், இளவட்டங்கள் வெளியேறிய ஊர். போல்டர் பல்கலைக்கழக ஊர். படித்தவர்கள், இளம் வயதினர், கைநிறையச் சம்பளம். 1967-லேயே விற்பனை வரி போட்டு ஊரைச் சுற்றி நிலத்தை வாங்கி நடக்கவும் ஓடவும் விட்டு வைத்தார்கள், சரி, அதைப் பாராட்டலாம். ஆனால் அங்கே வீட்டு விலை கேட்டால் மயக்கம் வரும். ஏழை அங்கே குடியிருக்கவே முடியாது, அப்புறம் அவனுடைய எடை எப்படி அந்த ஊர்க் கணக்கில் ஏறும்? போல்டர் ஆட்களை இளைக்க வைத்தது பாதி, இளைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டது பாதி என்பது என் எண்ணம். ஒரே ஊருக்குள்ளும் இப்படித்தான், நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கும் பிராங்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இருப்பது மாதிரி இருக்கும்.

ஒட்டிக்கொள்ளுமா என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கிறது. 1994-லிருந்து 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வறுமை குறைந்த பகுதியில்தான் வீடு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பத்துப் பெண்களை எடை போட்டு இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 35-க்கு மேல் போனவர்கள், சீட்டுக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பிரிவில் நாலரை சதவீதப் புள்ளிக்குக் கொஞ்சம் மேல் குறைவு, சர்க்கரை நோய் உள்ளவர்களும் நாலு புள்ளிக்கு மேல் குறைவு. ஆனால் பருமன் என்று சொல்லும் பிஎம்ஐ 30 என்ற சாதாரணக் கோட்டில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2018-ல் இன்னொன்று வந்தது, ராணுவக் குடும்பங்களை வைத்து. உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள், உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான், எந்த ஊர் என்று அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால்தான் அவர்களை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. பருமன் அதிகமுள்ள கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) மாற்றலாகிப் போன குடும்பங்களில் பருமனுக்கான வாய்ப்பும் அதிகமாக இருந்தது. ஆகவே ஒட்டும், ஆனால் கொஞ்சமாக, மெதுவாக.

பாம்பன் பையன்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தின்றால் ஏறும், தின்னாவிட்டால் இறங்கும். சோம்பேறிகளுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறீர்கள்.

மண்டபம் முகாம்:

தம்பி, 2013-க்கு முன்னால் ஒரு அமெரிக்க மாநிலம்கூட 35 சதவீதத்தைத் தொடவில்லை. 2023-ல் 23 மாநிலங்கள் தாண்டிவிட்டன. பத்து வருடத்தில் 23 மாநிலத்துக்காரர்களும் சேர்ந்து சோம்பேறி ஆனார்களா?

கீழக்கரை லாத்தா:

அமெரிக்காவை அலசியது போதும், தம்பிகளா. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் அதிக எடை அல்லது பருமன் என்று சொல்கிறது. இது போனில் கேட்டதில்லை, வீட்டுக்கு வந்து தராசில் ஏற்றிப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 தான். கோடு வேறு என்பது தெரியும், இங்கே பிஎம்ஐ 25, அங்கே 30. ஆனால் நம்ம உடம்புக்கு 25 என்பதே பருமன் என்றுதான் இந்திய மருத்துவர்கள் 2009-லேயே கோடு போட்டுவிட்டார்கள். கை கால் எல்லாம் குச்சியாக இருக்கும், தொப்பை மட்டும் முன்னால் வரும், சர்க்கரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் தராசைத் தொடவே இல்லை, தையல்காரர் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றி, "பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதற்கு மேல் போகக் கூடாது" என்றார். நான் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் உம்மா காலத்தில் மச்சி வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் முடுக்கு வழியாகவே நடப்பார்கள், ஒரு நாளில் எத்தனை தடவை போய் வருவார்களோ. இப்போது எதிர்த் தெருவுக்கும் ஸ்கூட்டி, இல்லாவிட்டால் ஆட்டோ. ஊரை யாரும் இடிக்கவில்லை, முடுக்கு அப்படியேதான் இருக்கிறது, நடப்பதுதான் நின்றுவிட்டது. அதனால் ரோடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஓக்லஹோமா தம்பியின் பேச்சை நான் முழுசாக ஏற்க மாட்டேன். சபூர் (வெளிநாட்டு) பணம் வந்தது, பசியாற இடியாப்பமும் மீன் ஆணமும் இருந்த இடத்தில் கடைப் பரோட்டா வந்தது, கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு வாரம் தவறுவதில்லை. இதையே பெரியபட்டினம், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள், கடலுக்குள் முக்குளித்து ஒரு நாள் முழுக்க வேலை, ஒருத்தருக்கும் தொப்பை கிடையாது. அந்தப் பாட்டை அவர்கள் ஆசைப்பட்டுப் படவில்லை என்பது வேறு விஷயம்.

மெக்காலன் போகிற தங்கச்சி முதலில் இங்கேயே ஒரு மூன்று மாத சர்க்கரைச் சராசரிச் சோதனை எடுத்துக்கொண்டு போகட்டும், மாப்பிள்ளைக்கு மட்டும் இல்லை, அவளுக்கும்.

தேவிபட்டினம் டு ஓக்லஹோமா:

லாத்தா, ரோடு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை, ரோடே இல்லாத இடத்தில் நடக்கச் சொல்லாதீர்கள் என்றேன். கோலா மாதிரி இனிப்புப் பானத்தில் வரி போட்டுப் பார்த்த ஊர்களும் உண்டு. கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லியில் 2015-லிருந்து வரி இருக்கிறது. பிலடெல்பியா 2017 ஜனவரியில் அவுன்ஸுக்கு (சுமார் 30 மில்லி) ஒன்றரை சென்ட் போட்டது, ஊருக்குள் விற்பனை பாதிக்குப் பாதி விழுந்தது, ஆனால் கொஞ்சப் பேர் எல்லை தாண்டிப் பக்கத்து ஊர்க் கடைகளுக்கு வண்டியை விட்டார்கள். அதையும் கழித்துப் பார்த்தால் 38 சதவீதம் குறைவு. மோசமில்லை.

ஏர்வாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. லாத்தா சொன்ன சோதனையை இருவருக்கும் எடுக்கச் சொல்லிவிட்டேன், தங்கச்சிக்கு அதில் கோபம். வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது நேராகச் சொன்னால் நல்லது. இன்னொன்று, உம்மா கருவாடு கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

தேவிபட்டினம் டு ஓக்லஹோமா:

வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் இணைய வரைபடத்தில் தெருப் படத்தைத் திறந்து, வீட்டு வாசலில் இருந்து எச்-இ-பி மாதிரி ஒரு மளிகைக் கடை வரைக்கும் நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் நிறைய ஊர்களில் அந்தக் கடை இருக்கும், காய்கறி நன்றாகவே கிடைக்கும். பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் அமைந்தால் இருநூறு டாலர் வாடகை கூடினாலும் எடுத்துவிடுங்கள், இரண்டாவது கார் மிச்சம். மெக்காலன் வெயில் நம்ம சித்திரை வெயிலுக்குக் குறைந்ததில்லை, அங்கே நடைப்பாதைகள் இருந்தாலும் கோடையில் காலை ஏழு மணிக்குள் நடந்து முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏசி மாலுக்குள் நடக்கலாம், வயதானவர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். வீட்டில் கோலா, ஜூஸ் டப்பா இரண்டையும் வாங்கி வைக்க வேண்டாம், விருந்தாளி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கருவாடு கொண்டு வரலாம், சொந்த உபயோகத்துக்கு மீன் பொருளுக்குத் தடை இல்லை. இறைச்சி, பழம் எதுவும் கூடவே வைத்துவிடாதீர்கள். சுங்கத்தில் கேட்கும்போது சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், மறைத்தால்தான் அபராதம். நன்றாகக் காய்ந்த நெத்திலியாகப் பார்த்து இரண்டு மூன்று பையில் கட்டச் சொல்லுங்கள், எனக்கு வந்த பொட்டலம் பாதி வழியில் வாடை கிளம்பி, பெட்டி முழுக்கத் துவைக்க வேண்டியதாகிவிட்டது.