1901ல வயசு 53, 1911ல 71, ஒரே ஆளா இவர்? (கிளேர் கவுண்டி, அயர்லாந்து) உதவி வேணும்

கேள்வி:
வணக்கம். என் வீட்டுக்காரர் அயர்லாந்துக்காரர், கிளேர் கவுண்டில கில்ரஷ் பக்கம். மாமியாருக்கு எண்பது தாண்டிடுச்சு, அவங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்ல பொறந்தார், அவரோட அப்பா அம்மா யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசைப்படறாங்க. மக்மஹான் குடும்பம். 1901 சென்சஸ்ல அவருக்கு 53 வயசு, 1911ல அதே வீடு அதே மனைவி, ஆனா 71னு இருக்கு. பத்து வருஷத்துல 18 வயசு எப்படிங்க ஏறும்? 1848ஐ வெச்சு சர்ச் ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல தேடினா ஆளே இல்ல. பழைய சென்சஸும் கிடைக்கல.

பதில் 1:
ஒரே ஆள்தான், பயப்படாதீங்க. 1909 ஜனவரில இருந்து 70 வயசானவங்களுக்கு பென்ஷன் வந்துச்சு, வாரம் அஞ்சு ஷில்லிங் வரைக்கும். அதை வாங்கறதுக்காக வயசை ஏத்திச் சொன்னவங்க நிறைய. அயர்லாந்து முழுக்க இப்படித்தான் 1911ல திடீர்னு வயசு ஏறியிருக்கும். கிராமத்துல நிறைய பேருக்கு பொறந்த வருஷமே சரியா தெரியாது, அதனால 1836ல இருந்து 1850 வரைக்கும் அகலமா தேடுங்க. பழைய சென்சஸ் கிடைக்காது, 1861, 71 அரசாங்கமே அழிச்சுட்டாங்க, 1881, 91 முதல் உலகப்போர் சமயம் கூழாக்கிட்டாங்க, அதுக்கு முந்தினது பெரும்பாலும் 1922 உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக்கூடத்தோட எரிஞ்சுபோச்சு.
ஆனா ஒரு வழி இருக்கு. அப்போ 1841, 1851 சென்சஸ் எரியாம இருந்துச்சு, பென்ஷன் கேட்டவங்க வயசுக்கு ஆதாரமா அதுல தேடச்சொல்லி ஃபாரம் குடுப்பாங்க. அந்த ஃபாரம் அயர்லாந்து நேஷனல் ஆர்கைவ்ஸ் தளத்துல இலவசமா இருக்கு. அப்பா பேர், அம்மாவோட பொறந்த வீட்டு குடும்பப்பேர், டவுன்லேண்ட் (அங்க ஊரைவிடச் சின்ன நிலப்பிரிவு) எல்லாம் இருக்கும். "கிடைக்கல"ன்னு திருப்பி அனுப்பியிருந்தாலும் இந்த விவரம் அப்படியே இருக்கும், அதனால அதையும் விடாம பாருங்க.

பதில் 2:
1911 சென்சஸ் ஃபாரம்ல கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதை பார்த்தீங்களா? 1864ல இருந்து கத்தோலிக்கக் கல்யாணமும் அரசாங்கத்துல பதிவாகுது, அதுல ரெண்டு பேரோட அப்பா பேரும் இருக்கும். பெரும்பாலும் பொண்ணோட பாரிஷ்லதான் (சர்ச் வட்டாரம்) கல்யாணம் நடக்கும், அங்கேயும் தேடுங்க. சர்ச் ரெஜிஸ்டர் லத்தீன்ல இருந்தா ஜேம்ஸ் ஜாகோபுஸ்னு, வில்லியம் குலியெல்முஸ்னு வரும்.

கேட்டவர்:
39 வருஷம்னு போட்டிருக்கு, அப்போ 1872 வாக்குல! ரொம்ப நன்றிங்க. பென்ஷன் ஃபாரமும் கிடைச்சிருச்சு, திருப்பி அனுப்பினதுதான், ஆனா அப்பா பேர், அம்மா பேர், டவுன்லேண்ட் மூணும் இருக்கு. மாமியார்கிட்ட படிச்சு காட்டினேன், அழுதுட்டாங்க. அந்த டவுன்லேண்டை 1855 கிரிஃபித் வேல்யுவேஷன்ல (வரிக்காக நிலம், வீடு யார்கிட்ட இருந்துச்சுன்னு எடுத்த பட்டியல்) பார்த்தா மக்மஹான் ஒருத்தருமே இல்லையே, ஏன்?

பதில் 1:
1840கள்ல வந்த உருளைக்கிழங்கு பஞ்ச காலத்துல கில்ரஷ் யூனியன்ல (ஏழைகள் நிவாரண வட்டாரம்) ஆயிரக்கணக்கான பேரை வீட்டை இடிச்சு வெளியேத்தினாங்க, இவங்களும் அதுல போயிருக்கலாம். அதே டவுன்லேண்டை டைத் புக்ல (1823-37, சர்ச் வரி கட்டினவங்க பட்டியல்) பாருங்க, கிளேர் கவுண்டி லைப்ரரி தளத்துல இலவசம். பக்கத்து டவுன்லேண்ட் எல்லாத்துலயும் அப்பா பேரை கிரிஃபித்ல தேடுங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா அடைப்புல அவங்கவங்க அப்பா பேரையும் சில இடத்துல எழுதியிருப்பாங்க, அதை வெச்சு பிரிச்சுடலாம்.