ஆஸ்பெனிலிருந்து திரும்பும்போது சிட்டேஷன் 2 ஏன் நடுவில் எரிபொருளுக்கு இறங்க வேண்டும்? பில்லும் புரியவில்லை

கேள்வி: பயணக்கணக்கு

வணக்கம். ஜூலை நடுவில் 6 பேர் வெள்ளிக்கிழமை காலை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வேன் நைஸிலிருந்து கொலராடோ மலை ஊரான ஆஸ்பென் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். சார்ட்டருக்கு (முழு விமானமும் வாடகைக்கு) வந்திருப்பது 1980களின் சிறிய ஜெட், செஸ்னா சிட்டேஷன் 2, மாடல் 550. விளம்பரத்தில் 8 சீட், 1,500 கடல் மைலுக்கு மேல் போகும் என்று இருக்கிறது. எங்கள் தூரமோ சுமார் 635 கடல் மைல்தான். ஆனால் ஞாயிறு மதியம் 3 மணிக்குக் கிளம்பினால் வழியில் கிராண்ட் ஜங்ஷனில் இறங்கி எரிபொருள் போடணுமாம். காலை 7:30 என்றால் நேராக வந்துவிடலாமாம்.

ஆபரேட்டர் கொடுத்த தாள்: இரண்டு பைலட்டோடு காலி எடை 8,400 பவுண்டு. ஆஸ்பெனில் டேக்-ஆஃப் உச்ச எடை 9 டிகிரியில் 12,700, 26 டிகிரியில் 11,600. எங்கள் ஆட்களும் பைகளும் சேர்ந்து 1,320 பவுண்டு. மணிக்கு 3,600 டாலர். பறப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு, பில்லில் 6 மணி நேரம் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: எடைத்தாள்

நண்பரே, எரிபொருள் விஷயத்தில் அவர் சொல்வது சரி. கணக்கைப் பாருங்கள்.

8,400 + 1,320 = 9,720. இது எரிபொருள் இல்லாத எடை. இந்த விமானத்தின் ஜேடி15டி-4 எஞ்சின்கள் இரண்டும் சேர்ந்து முதல் மணி நேரத்தில் சுமார் 1,200 பவுண்டு குடிக்கும். உயரம் பிடித்த பிறகு மணிக்கு 900 அளவுக்கு இறங்கும். வேகம் 380 நாட் (மணிக்கு 380 கடல் மைல்) வாக்கில். மேற்கே வரும்போது எதிர்காற்றும் உண்டு. ஆக 2 மணி நேரம், 2,100 பவுண்டு. பார்ட் 135 என்ற அமெரிக்க சார்ட்டர் விதிப்படி 45 நிமிட கையிருப்பு, அதற்கு 650. மாற்று விமான நிலையம் பக்கத்து பர்பேங்க் என்றால் 150. மொத்தம் 2,900. டேக்-ஆஃப் எடை 12,620.

காலையில் 12,700 வரை அனுமதி, இடிக்காமல் போய்விடும். மதியம் 11,600தான் என்பதால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 1,880. பயணத்துக்கே 2,100 வேண்டும். ஆளுக்கு 220 என்று நாலு பேரை இறக்கிவிட்டாலும் 2,760தான் ஏற்றலாம், அதுவும் போதாது.

வெயில் ஏன் இவ்வளவு படுத்துகிறது? ஆஸ்பென் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,820 அடி. அந்த உயரத்தில் தர வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். 26 டிகிரி என்றால் அதைவிட 26 அதிகம். டிகிரிக்கு 120 அடி வைத்தால் காற்று 11,000 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்திருக்கும். இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். ஓடுபாதை 8,006 அடி நீளம், அது பிரச்சினை இல்லை. ஓடுபாதையை விட்டு எழும்பும்போது ஒரு எஞ்சின் நின்றால், மிச்சம் ஒன்றை வைத்து ஏற வேண்டும், எதிரே மலை. எடையைக் கட்டுவது அதுதான்.

விளம்பரத்தில் சொல்லும் தூரமும் சீட்டும் ஒரே பயணத்தில் சேர்ந்து கிடைக்காது. டேங்க் நிறைய 742 கேலன், ஏறக்குறைய 4,970 பவுண்டு. 8,400-உடன் கூட்டினால் 13,370. பல 550களின் டேக்-ஆஃப் உச்சமே 13,300. டேங்கை நிரப்பினால் ஒரு பயணிகூட ஏற முடியாது!

பதில்: பனிமூட்டம்

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ஜூலை காலையில் கடலோர மேகம் சில நாள் வேன் நைஸ் பள்ளத்தாக்கு வரை வந்துவிடும். வேன் நைஸை மூடும் மேகம் பர்பேங்கையும் மூடும், இரண்டும் அவ்வளவு பக்கம். விவரமான பைலட் அன்றைக்கு மலைக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில் இருக்கும் பாம்டேலைத்தான் மாற்றாக வைப்பார். 150 இருந்த இடத்தில் 300. டேக்-ஆஃப் எடை 12,770, அனுமதியைவிட 70 பவுண்டு கூட. இரண்டு கோல்ஃப் பையை முன்கூட்டியே கூரியரில் அனுப்பிவிட்டால் தீர்ந்தது. "கொஞ்ச நேரம் காத்திருப்போம், மேகம் கலையும்" என்று மட்டும் உட்காராதீர்கள். வேன் நைஸில் கலையும் நேரத்தில் ஆஸ்பெனில் வெயில் ஏறிவிடும்.

இன்னொன்று, 7 மணிக்கு முன்னால் கிளம்பலாமா என்று கேட்க வேண்டாம். ஆஸ்பெனில் இரவு 11 முதல் காலை 7 வரை தடை.

போகும்போதும் காலையே நல்லது. மதியத்துக்கு மேல் அங்கே இடிமழை வரும். பார்ட் 135-இல் வழக்கமாக ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும்: 4,803 அடி. ஈரம் என்றால் 15 சதவீதம் கூடுதல் நீளம் தேவை, கையில் இருப்பது 4,177 அடி ஆகிவிடும். ரிவர்சர் (எஞ்சின் உந்துதலை முன்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) இருக்கிறதே என்று அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பதில்: பில்_பார்ப்பவர்

6 மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 2 மணி நேரம் என்பது சார்ட்டரில் பொதுவான நிபந்தனை. வெள்ளி, சனி, ஞாயிறு: 3 × 2 = 6. அதாவது 21,600 டாலர். நீங்கள் பறப்பது 3.8 மணி நேரம், கிராண்ட் ஜங்ஷனில் இறங்கினால் 4.4. இரண்டுமே 6-க்குள் அடக்கம். ஆக எரிபொருளுக்கு இறங்குவதால் மணிக்கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாது. தரையிறங்கும் கட்டணமும் ஒரு மணி நேரத்தை ஒட்டிய தாமதமும்தான். அதற்குத் தனியாக 0.6 மணி நேரம் கூட்டியிருந்தால் அங்கே கேளுங்கள்.

"விட்டுவிட்டு காலியாகத் திரும்பட்டும், ஞாயிறு மறுபடி வரட்டும்" என்று யோசிக்கலாம். அது நாலு பறப்பு, சுமார் 7.6 மணி நேரம், 27,360 டாலர். மூன்று நாளுக்குக் காத்திருக்க வைப்பதே மலிவு. நாலு நாள் என்றால் கிட்டத்தட்ட சமம். ஐந்து நாள் என்றால் அனுப்பிவிடுவதுதான் லாபம்.

இதற்கு மேல் வருவது: இரண்டு பைலட்டுக்கு இரண்டு இரவுச் செலவு, ஆஸ்பென் நிறுத்தக் கட்டணம், எரிபொருள் சர்சார்ஜ், 7.5 சதவீத கூட்டரசு வரி, தலைக்கு ஒரு சிறு தொகை. ஆஸ்பெனில் இடமில்லை என்று விமானத்தை ரைஃபிள் என்ற ஊர் விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சகஜம். அந்தப் பறப்பும் 6-க்குள் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி செல்லாது.

பயணக்கணக்கு:

மிக்க நன்றி. ஏமாற்று என்று நினைத்தது என் அவசரம். வேறு என்ன கேட்க வேண்டும்? உள்ளே 6 பேர் வசதியாக உட்காரலாமா?

பதில்: எடைத்தாள்

முதல் கேள்வி, எரிபொருளில்லா உச்ச எடை. இந்த மாடலில் 9,500 உள்ளவையும் இருக்கின்றன, 11,000 உள்ளவையும் இருக்கின்றன. உங்கள் 9,720 முதல் வகையில் 220 பவுண்டு அதிகம். அப்படியானால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் வீண், ஒரு ஆளைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஆர்விஎஸ்எம் அனுமதி, அதாவது விமானங்களுக்கிடையே மேல்-கீழ் இடைவெளி குறைத்துப் பறக்க அனுமதி. 2005 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் 29,000 முதல் 41,000 அடி வரை அது இல்லாமல் பறக்க முடியாது. 28,000-இல் மாட்டிக்கொண்டால் இந்த எஞ்சின்கள் குடிப்பது மணிக்கு 900 பவுண்டில் நிற்காது.

மூன்றாவது, இந்த விமானத்தின் பதிவு எண் ஆபரேட்டரின் பார்ட் 135 ஆவணத்தில் டி085 என்ற அனுமதித்த விமானங்களின் பட்டியலில் இருக்கிறதா. இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

பதில்: பனிமூட்டம்

உள்ளே உயரம் 57 அங்குலம். நடைபாதை சற்றுத் தாழ்வாக இருந்தும் குனிந்துதான் நடக்க வேண்டும். 8 சீட்டில் ஒன்று பெரும்பாலும் பெல்ட் போட்ட கழிப்பறை இருக்கைதான், எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். கதவும் திடமாக இருக்காது, பல விமானங்களில் திரைதான். 2 மணி நேரத்துக்கு 6 பேர் தாராளம். 43,000 அடியிலும் உள்ளே அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்துக்கு ஈடு. ஆஸ்பெனே அந்த உயரம்தான் என்பதால் காது அடைப்பு வேன் நைஸ் இறங்கும்போதுதான் தெரியும். தரையில் ஓடும் ஃப்ரியான் ஏசி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், எல்லாவற்றிலும் கிடையாது. வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பைலட்டுகளே இதை "ஸ்லோடேஷன்" என்று கிண்டல் செய்வார்கள்.

பயணக்கணக்கு:

ஆபரேட்டர் பதில் வந்தது: எரிபொருளில்லா எடை 11,000, ஆர்விஎஸ்எம் உண்டு. காலை 7:30 என்று முடிவு செய்துவிட்டோம். கோல்ஃப் பை கூரியரில். பைகளை மூக்குப் பகுதியில் வைப்பார்களாம், அதில் ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: எடைத்தாள்

மூக்குப் பெட்டியறையில் அழுத்தக் காற்று கிடையாது, குளிரும் கடுமை. திரவ பாட்டில்கள், மருந்து, லேப்டாப் எல்லாம் கேபினுக்குள். ஷாம்பு பாட்டில் மூடி கழன்றால் ஆறு பேர் துணியும் நாசம். பைகளை வீட்டிலேயே தராசில் வைத்து எடையை ஆபரேட்டருக்கு முதல் நாளே அனுப்புங்கள், 30 பவுண்டு என்று சொல்லும் பை 42 இருக்கும்.