அமெரிக்கக் கல்லூரியில் ஃப்ராட்டர்னிட்டி: சேர்ந்தால் பயன் உண்டா?

வைகைக்கரை:
அண்ணன் மகன் வரும் ஆகஸ்டில் அமெரிக்காவில் இன்ஜினீயரிங் முதலாமாண்டு சேரப்போகிறான், எஃப்-1 (மாணவர்) விசா. ஃப்ராட்டர்னிட்டியில் (மாணவர்கள் உறுப்பினராகச் சேரும் சகோதரக் கழகம்) சேர்ந்தால் வேலைக்கு ஆள் பலம் கிடைக்கும் என்கிறான். குடியும் கூத்துமாகப் போய்விடுமோ என்று வீட்டில் பயம். பயன் என்ன, செலவு என்ன, சேருமுன் எதை விசாரிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கார்முகில்:
எந்த வகை என்று முதலில் பையனிடம் கேளுங்கள். வீடு, ரஷ் (புது ஆள் சேர்க்கும் நாட்கள்), பார்ட்டி என்று நீங்கள் கேள்விப்படுவதெல்லாம் சோஷியல் ஃப்ராட்டர்னிட்டி, ஆண்களுக்கு மட்டும். துறை சார்ந்தவை தனி, அவற்றில் பெண்களும் உண்டு. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு 1904-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தீட்டா டௌ இருக்கிறது. வேலைதான் குறி என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு உதவும் என்பது வெறும் பேச்சு இல்லை. யூனியன் கல்லூரிப் பொருளாதார ஆய்வாளர்கள் பழைய மாணவர்களை வைத்துக் கணக்கிட்டதில், சேர்ந்தவர்களின் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) சுமார் 0.25 குறைந்தது, பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் கூடியது. ஒரே ஒரு சிறிய கல்லூரியின் கணக்கு. அந்த 36-ஐ எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது. மதிப்பெண் அடிவாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் செமஸ்டரை விட்டு, ஜிபிஏ கையில் வந்தபின் ஸ்பிரிங்கில் (அடுத்த செமஸ்டரில்) ரஷ் போவது நல்லது.

ஆள் பலம் என்பது தேசிய அமைப்பின் பெயரால் வருவதைவிட அந்தக் கல்லூரிச் சாப்டரின் (கிளையின்) சீனியர்களால்தான் அதிகம் வருகிறது. ரஷ்ஷில் நேராகவே கேட்கலாம்: "போன கோடையில் இங்கிருந்து எத்தனை பேர் இன்ஜினீயரிங் இன்டர்ன்ஷிப் போனீர்கள்? அதில் பழைய உறுப்பினர் ரெஃபரல் கொடுத்தது எத்தனை?" மழுப்பினால் அங்கே இவன் துறைக்கு ஆளில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பு எடுத்தால்தான் முழுப் பயன். 60 பேர், ஆளுக்குச் சந்தா 600 டாலர் என்று வைத்தால் பொருளாளர் கையில் செமஸ்டருக்கு 36,000 டாலர் புழங்கும். கட்டாதவனுக்குத் தவணை போட வேண்டும், தலைமையகத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கெடு தவறாமல் போக வேண்டும், விழாக் கமிட்டி கூடுதலாகக் கேட்டால் மறுக்க வேண்டும். ஒரு வருடம் இதைச் செய்தவனுக்கு இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். ரெஸ்யூமேயில் வெறும் உறுப்பினர் என்ற ஒற்றை வரியை யாரும் நின்று படிப்பதில்லை.

தாழம்பூ:
செலவு பற்றி. ரஷ்ஷில் சொல்லும் தொகை பெரும்பாலும் செமஸ்டர் சந்தா மட்டும்தான். புது உறுப்பினர் கட்டணம், இனிஷியேஷன் (முழு உறுப்பினராக்கும் சடங்கு) கட்டணம், தலைமையகச் சந்தா, இன்சூரன்ஸ், வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் தனி. பிட் (சேரச் சொல்லும் அழைப்பு) வந்ததும் கையெழுத்துப் போடாமல், முழு ஆண்டுக் கணக்கை எழுத்தில் கேட்கட்டும். இரண்டாம் ஆண்டில் ஃப்ராட்டர்னிட்டி வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்று பல சாப்டர்களில் விதி உண்டு. வீட்டு ஒப்பந்தம் தனி என்பதால், ஃப்ராட்டர்னிட்டியை விட்டு விலகினாலும் வாடகைக் கடமை தொடரலாம்.

எஃப்-1 மாணவர் கவனிக்க: ஹவுஸ் மேனேஜர் மாதிரிப் பொறுப்புகளுக்குச் சில இடங்களில் வாடகைத் தள்ளுபடி தருவார்கள். வேலைக்குக் கூலியாக வருவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். ஒத்துக்கொள்ளுமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி இருவருக்கும். ராகிங் மாதிரி ஏதாவது நடக்குமா?

பனித்துளி:
நடக்கிறது, உயிரும் போயிருக்கிறது. பெரும்பாலும் வற்புறுத்திக் குடிக்க வைப்பதால். அதிலும் "பிக் பிரதர்" (புதியவனுக்கு வழிகாட்டியாக ஒரு சீனியரை அறிவிக்கும்) இரவில் ஒரு முழு பாட்டிலைக் கையில் கொடுத்து முடிக்கச் சொல்வது மிக ஆபத்து. போனை வாங்கி வைத்துக்கொள்வது, நள்ளிரவில் இடம் சொல்லாமல் கூப்பிடுவது, வெளியே பேசாதே என்பது: இதில் ஒன்று நடந்தாலும் கிளம்பிவிட வேண்டும். இனிஷியேஷனுக்கு முன் எந்த நாளும் விலகலாம்.

2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, எந்த அமைப்பு ஹேசிங் (ராகிங்) விதியை மீறியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்குப் போகுமுன் அதில் சாப்டர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

குடிக்கச் சட்டப்படி வயது 21. குடித்து வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியுமுன்பே விசா ரத்தாகலாம். யாராவது மயங்கிக் கிடந்தால் தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் உடனே 911-ஐ (அவசர உதவி எண்) அழைக்கச் சொல்லுங்கள். வயது குறைந்தவர் குடித்திருந்தாலும், உதவிக்கு அழைத்தால் அந்தக் குற்றத்துக்கு வழக்குப் போடாமல் விடும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது.