விளக்கு போட்டால் ரிலே துடிக்கிறது: ஜீப் வயரிங்கில் உதவி தேவை

பொள்ளாச்சி அருகே தோப்பு வீட்டில் வைத்து, எலி கடித்துக் குதறிய பழைய வயர்க்கட்டைக் கழற்றிவிட்டு, என் 1992ஆம் ஆண்டு மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப்புக்கு முழு வயரிங்கையும் நானே புதிதாகப் போட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன. காட்டில் தங்கும்போது சிறு குளிர்பெட்டியை இயக்குவதற்காக இரண்டாவது 12 வோல்ட் பேட்டரியையும், 13.3 வோல்ட்டில் இரு பேட்டரிகளையும் இணைத்து 12.8க்குக் கீழே பிரித்துவிடும் ரிலேயையும் (தானியங்கி மின் சுவிட்ச்) பொருத்தியிருக்கிறேன்.

பகலில் எந்தக் குறையும் இல்லை. இருட்டிய பின் ஆழியாறைத் தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஏறும்போது, முகப்பு விளக்குகளோடு இரண்டு 55 வாட் கூடுதல் விளக்குகளையும் போட்டால், பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள் ரிலே 'டக் டக்' என்று விடாமல் அடிக்கத் தொடங்குகிறது; வோல்ட் மீட்டர் முள்ளும் அதே தாளத்தில் ஆடுகிறது.

ரிலேயை மாற்றினேன், பேட்டரிகளுக்கிடையே 16 சதுர மி.மீ. வயர் இழுத்தேன், ஜீப்பின் இரும்புச் சட்டத்தில் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பு) பிடிக்கும் இடங்களை உப்புத்தாளால் பெயிண்ட் போகத் தேய்த்து இறுக்கினேன், ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்கு சார்ஜ் தரும் மின்னாக்கி) சுழற்றும் பெல்ட்டும் தளர்வாக இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட் காட்டுகிறது. சூடேறி எல்லா விளக்குகளும் எரியும்போது 13.1தான். பேட்டரி போய்விட்டது என்கிறார் கடைக்காரர். வாங்கி மூன்றே மாதமான பேட்டரி என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஆல்டர்னேட்டர் இந்தச் சுமைக்குப் போதவில்லையா, அல்லது எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான எர்த் பட்டையில் குறையா என்பதைப் பிரித்தறிய, மல்டிமீட்டரை எந்த இரு முனைகளில் வைத்து அளக்க வேண்டும்?