நெப்தூனுஸ்: கடவுளா, தண்ணீரா? லத்தீன் வாசிப்பில் எதிர்ப்பட்ட இடங்கள்

ஓலைச்சுவடி:
லத்தீன் கவிதையில் ரோமானியக் கடல் தெய்வமான நெப்தூனுஸின் பெயர் வந்தால், அது கடவுளைக் குறிக்கிறதா, தண்ணீரையா என்றறிய முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். உணர்ந்தான், சினந்தான் என்றால் கடவுள். மூழ்கியது, நனைந்தது என்றால் பெரும்பாலும் நீர். நம் ஆகுபெயர்தான் இது. தானியத்துக்குச் செரெஸ், மதுவுக்கு லீபெர், கடலுக்கு நெப்தூனுஸ் என்று தெய்வப் பெயர்களை ஆள்வதை ரோமானியப் பேச்சாளர் சிசரோவே எடுத்துக்காட்டுகிறார்.

ஆனால் எல்லா இடத்திலும் 'கடல்' என்று போட்டுவிடக் கூடாது. ரோமானியக் கவிஞர் வெர்கில் வேளாண்மை பற்றிப் பாடிய 'கியோர்கிகா', 4-ஆம் பாடல், 29-ஆம் அடி. பேச்சு தேனீ வளர்ப்பைப் பற்றியது. கூட்டுக்கு அருகே நீர் தேங்கி நின்றாலும் ஓடினாலும், அதன் குறுக்கே வில்லோ மரக்கிளைகளையும் பெரிய கற்களையும் போடச் சொல்கிறார். காற்று தேனீயை 'நெப்தூனோ'வில் அமிழ்த்திவிட்டால் அது கல்லில் ஏறி வெயிலில் சிறகை விரிக்க வேண்டுமே! இங்கே 'கடல்' என்று எழுதினால் அந்தக் கற்களுக்கே வேலையில்லை. 'தண்ணீர்' போதும்.

நேர்நிரை:
நன்றி ஐயா. உருபையும் சேர்த்துக்கொள்கிறேன். எழுவாய் நெப்தூனுஸ், விளி நெப்தூனே, இரண்டாம் வேற்றுமை நெப்தூனும், ஆறாம் வேற்றுமை நெப்தூனீ. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே வடிவம், நெப்தூனோ. வினையையும் முன்னிடைச் சொல்லையும் பார்த்தே பிரிக்க முடியும். தமிழில் எழுதும்போது 'நெப்தூனும்' நம் உம்மைபோலத் தோன்றி வாசகரைக் குழப்பும். மேற்கோள்குறிக்குள் போட்டுவிடுங்கள்.

சந்தத்தில் 'தூ' எப்போதும் நெடில். 'நுஸ்' அப்படியல்ல. வெர்கிலின் காப்பியமான 'ஐனெயிட்' 1-ஆம் பாடல், 125-ஆம் அடி 'சென்சித் நெப்தூனுஸ் எத் ஈமீஸ்' என்று முடிகிறது. அடுத்து உயிரெழுத்து வருவதால் 'நுஸ்' குறிலாகவே நின்று, 'தூ-நுஸ்-எத்' ஐந்தாம் சீராகிறது. அதை இழுத்துப் படித்தால் சீர் உடைந்துவிடும்.

கழிமுகம்:
பெயர்க்காரணத்தில் பழையவர்களை நம்பி இறங்காதீர்கள். மேகம் வானத்தை மூடுவதுபோல் கடல் நிலத்தை மூடுகிறது, 'மூடுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்கிறார் ரோமானிய அறிஞர் வர்ரோ. சிசரோவின் 'கடவுளரின் இயல்பு' என்ற உரையாடல் நூலில் பேசும் பால்பஸ், 'நீந்துதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையைக் காட்டுகிறார். அதே நூலின் 3-ஆம் பகுதியில் அவருக்கு மறுப்புச் சொல்லும் கோத்தா, ஓர் எழுத்து ஒத்தாலே போதுமென்றால் எந்தப் பெயருக்கும் மூலம் சொல்லிவிடலாமே என்று மடக்குகிறார். கோத்தா சொல்வதே சரி.

ஓலைச்சுவடி:
விட்டுப்போன ஒன்று, பெயரடை. 'ஐனெயிட்' 3-ஆம் பாடல், 3-ஆம் அடியில் புகைந்து கிடப்பது 'நெப்தூனியா திராய்', அதாவது டிராய் நகர். 'கடல்சார் திராய்' என்று பெயர்த்தால் பிழை. அந்த மதிலை எழுப்பியவன் நெப்தூனுஸ். அவன் கட்டிய நகர் எரிகிறது என்பதே பொருள்.